வீட்டுச் சமையல் எரிவாயு: பயன்பாடும் கசிவும்

விறகடுப்புக் காலத்துச் சமையலறை புகையை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. புகை சூடானது, மேலே போகக்கூடியது என்பதால் அடுப்புக்கு மேலே புகைபோக்கியும் சுவரின் உச்சியில் சாளரமும் வைக்கப்பட்டன. பிற்காலத்தில் அதே இடங்களில் எக்ஸாஸ்ட் ஃபேனும் சிம்னியும் வந்து அமர்ந்தன. எரிபொருள் மாறியதே தவிர அறையின் அமைப்பு மாறவில்லை. சிலிண்டரில் வரும் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே ஏறாமல் தரையில் படிந்து, தண்ணீரைப் போலத் தாழ்வான இடம் தேடிப் பரவும். ஆகவே உச்சியில் எத்தனை திறப்புகள் இருந்தாலும் அவை கசிவுக்கு முழு வடிகால் ஆவதில்லை. இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் முறைகளில் பெரும்பாலானவை இந்த ஓர் இயல்பிலிருந்தே பிறக்கின்றன.

எரிவாயுவின் இயல்பு

சிலிண்டரில் அடைக்கப்படும் திரவப் பெட்ரோலிய வாயு, அதாவது எல்.பி.ஜி., முக்கியமாகப் புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டு ஹைட்ரோகார்பன்களின் கலவை. அழுத்தத்தில் திரவமாகவும், அழுத்தம் நீங்கியதும் வாயுவாகவும் இருக்கும் இப்பொருள், திரவ நிலையிலிருந்து வாயுவாகும்போது ஏறத்தாழ 250 மடங்கு பருமன் கொள்கிறது; 14.2 கிலோ எரிபொருள் ஓர் ஆள் தூக்கிச் செல்லும் உருளைக்குள் அடங்குவது இதனால்தான். புரொப்பேன் காற்றைப் போல ஒன்றரை மடங்கும் பியூட்டேன் இரண்டு மடங்கும் எடை உள்ளவை. இரண்டுக்குமே நிறமும் இல்லை, மணமும் இல்லை. கசிவைக் கண்டறிய ஏதுவாக எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றமுள்ள வேதிப்பொருள் மிகச் சிறிய அளவில் சேர்க்கப்படுகிறது. சமையலறையில் உணரப்படும் 'கேஸ் வாடை' உண்மையில் அதன் வாடையே. இது எரிவாயுவை விட மெதுவாக ஆவியாவதால், சிலிண்டர் தீரும் தறுவாயில் அடியில் எஞ்சிய திரவத்தில் செறிவு கூடி, வாடையும் சற்றுக் கடுமையாகும். அதைக் கண்டு 'தீரப்போகிறது, அதனால்தான்' என்று ஒதுக்கிவிடாமல், ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்ப்பதே முறை.

காற்றில் எரிவாயு ஏறத்தாழ 2 சதவீதம் முதல் 9 சதவீதம் வரை கலந்திருக்கும்போதுதான் அக்கலவை தீப்பற்றும். இதற்கு எரிவரம்பு என்று பெயர். அதற்குக் குறைந்தாலும் மிகுந்தாலும் எரியாது என்பது ஏட்டளவில் ஆறுதலாகத் தோன்றலாம். நடைமுறையில் 2 சதவீதம் என்பது எவ்வளவு சிறிய அளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் அந்த ஆறுதல் நிலைக்காது. 10 அடி நீளமும் 8 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள சமையலறையின் கொள்ளளவு 800 கன அடி. அதில் 2 சதவீதம் 16 கன அடி. அவ்வளவு வாயுவின் எடை சுமார் 1 கிலோ. வாயு அறை முழுவதும் சீராகக் கலக்காமல், தரையை ஒட்டிய ஓர் அடி உயரத்துக்குள் தங்குவதாகக் கொண்டால் 100 கிராமே போதும். பெரிய பர்னர் ஒன்று முழுத் தீயில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 200 கிராம் எரிவாயுவைச் செலவிடுகிறது. பால் பொங்கி வழிந்து தீ அணைந்ததைக் கவனியாமல் அந்தப் பர்னரை அரை மணி நேரம் விட்டுவைத்தால் தரைமட்டத்தில் என்ன சேர்ந்திருக்கும் என்பது இந்தக் கணக்கிலிருந்தே தெரியும்.

கலவையின் விகிதமும் பாதுகாப்போடு தொடர்புடையது. புரொப்பேனின் ஆவியழுத்தம் பியூட்டேனுடையதைவிடப் பன்மடங்கு அதிகம். ஆகவே புரொப்பேனின் பங்கு கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடி, வால்வு, வாஷர், குழாய் ஆகியவற்றில் உள்ள சிறு குறைகளும் கசிவாக வெளிப்படத் தொடங்கும். 2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் இலங்கையில் சமையல் எரிவாயு வெடிப்புகள் அடுத்தடுத்து நிகழ்ந்தபோது, அதை ஆராய ஜனாதிபதி நியமித்த குழு, கலவையில் புரொப்பேனின் பங்கு உயர்த்தப்பட்டதையே முதன்மைக் காரணமாகச் சுட்டியது. அதே அடுப்பும் அதே டியூபும் பழைய கலவைக்குத் தாங்கியவைதாம். புதிய அழுத்தத்துக்குத் தாங்கவில்லை. இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை என்பது ஒரு கருவி நல்ல நிலையில் இருப்பதற்குச் சான்று ஆகாது.

சிலிண்டர் வீட்டுக்கு வரும்போது

பாதுகாப்பின் முதல் வாய்ப்பு, சிலிண்டர் வாசலில் இறங்கும் அந்தச் சில நிமிடங்கள்தாம். பெரும்பாலான வீடுகளில் அது பணம் கொடுப்பதிலும் காலி சிலிண்டரை எடுத்துக் கொடுப்பதிலும் கழிந்துவிடுகிறது. வால்வின் மேலுள்ள முத்திரை பிரிக்கப்படாமல் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். உருளையின் மேல் எழுதப்பட்ட காலி எடையோடு 14.2 கிலோவைக் கூட்டினால் வருவது சிலிண்டரின் முழு எடை. ஐயம் இருப்பின் எடைபோட்டுக் காட்டுமாறு கொண்டுவருபவரிடம் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. அடுத்து, கைப்பிடி வளையத்தைத் தாங்கும் மூன்று பட்டைகளில் ஒன்றின் உட்புறத்தில் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கங்களும் எழுதப்பட்டிருக்கும். ஏ என்பது மார்ச், பி என்பது ஜூன், சி என்பது செப்டம்பர், டி என்பது டிசம்பர் மாத இறுதியைக் குறிக்கும். 'டி 27' என்றிருந்தால் அந்தச் சிலிண்டர் 2027 டிசம்பருக்குள் மறுசோதனைக்குச் செல்ல வேண்டும் என்று பொருள். கெடு கடந்த சிலிண்டரைத் தயங்காமல் திருப்பி அனுப்பலாம்.

இதன் பிறகு வருவதுதான் மிக முக்கியமான சோதனை. முத்திரையை நீக்கி, வால்வை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியை அதன் நைலான் நூலைப் பிடித்து இழுத்துக் கழற்றினால், வால்வின் குழிக்குள் நடுவில் ஒரு சிறிய ஊசியும், அதைச் சுற்றி உட்சுவரில் ஒரு கருநிற ரப்பர் வாஷரும் தெரியும். ஊசியே வால்வைத் திறந்து மூடும் பகுதி. ரெகுலேட்டர் பொருந்தும்போது அது அழுந்தி வழிவிடும், ரெகுலேட்டரை எடுத்தவுடன் தானே எழும்பி அடைத்துக்கொள்ளும். குழிக்குள் சில துளி தண்ணீர் விட்டால், ஊசி சரியாக அமராத சிலிண்டரில் குமிழிகள் எழும். வாஷரின் கதை வேறு. அது ரெகுலேட்டருக்கும் வால்வுக்கும் இடையிலான இடுக்கை அடைப்பது என்பதால், அது இல்லாமலோ வெடித்தோ இருந்தாலும் ரெகுலேட்டரைப் பொருத்தும்வரை எந்தக் கசிவும் தெரியாது. பொருத்தித் திறந்த கணத்தில் வாயு சீறும். தண்ணீர்ச் சோதனையில் தேறிய சிலிண்டரும் வாஷர் இல்லாததாக இருக்கலாம் என்பதால், இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். சிலிண்டர் கொண்டுவருபவர் நிற்கும்போதே ரெகுலேட்டரைப் பொருத்தி, அடுப்பைப் பற்றவைக்காமல், இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிடுவது நல்லது.

கழற்றிய மூடியைக் குப்பையில் போடுவது பரவலான பழக்கம். இதைவிடப் பெரிய தவறு வேறில்லை. வால்வில் கசிவு ஏற்படும் நாளில், வேறு கருவி எதுவும் இன்றி அதை உடனே அடைக்கக்கூடிய ஒரே பொருள் அந்த மூடிதான். நைலான் நூலோடு சிலிண்டரின் வளையத்திலேயே அது தொங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

வைக்கும் இடமும் டியூபும்

சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்த நிலையில், தரைமட்டத்தில், அடுப்பைவிடத் தாழ்வான இடத்தில் இருக்க வேண்டும். படுக்கவைத்தால் வாயுவுக்குப் பதிலாகத் திரவமே ரெகுலேட்டருக்குள் புகுந்துவிடும்; திரவத்தின் ஒரு துளி 250 துளி வாயுவாக விரியும்போது அடுப்பில் தீ தாறுமாறாக எழும். தீரப்போகும் சிலிண்டரைச் சாய்த்துவைப்பதும், சுடுதண்ணீர் ஊற்றிய பாத்திரத்தில் நிறுத்துவதும் ஒரு வேளைச் சமையலுக்காகச் செய்யப்படும் ஆபத்தான வேலைகள்.

சமையல் மேடைக்குக் கீழே கதவு போட்ட அலமாரிக்குள் சிலிண்டரை மறைத்துவைப்பது இன்றைய வீடுகளில் வழக்கமாகிவிட்டது. பார்வைக்கு அழகான இந்த ஏற்பாட்டில் கசியும் வாயு வெளியேற வழியின்றி அலமாரிக்குள்ளேயே சேரும்; கதவின் மேற்பகுதியில் அலங்காரத்துக்குச் செய்யப்படும் துளைகளாலும் பயனில்லை. தரையை ஒட்டிய இடத்தில் திறப்பு இருக்க வேண்டும். முடிந்தால் அந்தச் சுவரில் வெளியே திறக்கும் துளை ஒன்றும் இருக்க வேண்டும். சிலிண்டரைத் தரைக்குக் கீழான பள்ளத்தில் வைப்பதும், மூடியில்லாத சாக்கடைத் துவாரத்துக்கோ தண்ணீர்த் தொட்டியின் வாய்க்கோ அருகில் வைப்பதும் கூடாது. வாயு அவற்றுக்குள் இறங்கித் தங்கிவிடும். குளிர்சாதனப் பெட்டியின் உள்ளே தானாக இயங்கி நிற்கும் மின்தொடர்பு ஒரு பொறியை உண்டாக்கப் போதுமானது என்பதால் அதையும் சிலிண்டருக்குத் தள்ளியே வைக்க வேண்டும்.

ரெகுலேட்டரின் வேலை, சிலிண்டருக்குள் உள்ள பல மடங்கு அழுத்தத்தைக் குறைத்து, சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் என்னும் மெல்லிய அழுத்தத்தில் அடுப்புக்கு வாயுவை அனுப்புவது. அங்கிருந்து அடுப்புக்குச் செல்லும் டியூப், உள்ளே எஃகுக் கம்பிப் பின்னல் கொண்ட, ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற, ஆரஞ்சு நிறச் 'சுரக்‌ஷா' டியூபாக இருப்பதே ஏற்றது. எலி கடித்துத் துளைபடும் பழைய ரப்பர் டியூபின் குறையைக் கம்பிப் பின்னல் பெருமளவு போக்குகிறது. அதன் ஆயுள் 5 ஆண்டு. நீளம் ஒன்றரை மீட்டரைத் தாண்டக் கூடாது. அழுக்குப் படாமல் இருக்கட்டும் என்று டியூபின் மேல் துணியுறையோ பிளாஸ்டிக் உறையோ மாட்டும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும், வெடிப்பு விழுந்தாலும் அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

அன்றாடப் பயன்பாடு

தீக்குச்சியைப் பற்றவைத்த பிறகே குமிழைத் திறக்க வேண்டும்; லைட்டரானால் பர்னரின் அருகில் அதைப் பிடித்துக்கொண்டு திறந்த உடனே அழுத்த வேண்டும். இரண்டு மூன்று முறை அழுத்தியும் பற்றாவிட்டால் குமிழை மூடிவிட்டு, வாயு கலையச் சற்றுப் பொறுத்து மீண்டும் முயல வேண்டும். தீ நீலமாக, ஒரே சீராக எரிய வேண்டும். மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் பர்னரின் துளைகள் அடைபட்டோ காற்று போதாமலோ இருப்பதாகக் கொள்ளலாம். நைலான் போன்ற செயற்கை இழைச் சேலை தீயில் உருகித் தோலோடு ஒட்டும் என்பதால் அடுப்பருகே பருத்தி உடையே தக்கது. சேலைத் தலைப்பால் சூடான பாத்திரத்தை இறக்கும் பழக்கம் எவ்வளவு கைவந்ததானாலும் விலக்கத்தக்கதே.

இரவில் சமையல் முடிந்ததும் அடுப்பின் குமிழை மட்டும் மூடிவிட்டுப் படுக்கச் செல்லாமல், ரெகுலேட்டரையும் மூடிவிட வேண்டும். அடுப்பின் குமிழ் மட்டும் மூடியிருந்தால் ரெகுலேட்டரிலிருந்து அடுப்பு வரையிலான டியூப் முழுவதிலும் விடியும்வரை வாயு நிறைந்திருக்கும். டியூபில் ஊசிமுனைத் துளை இருந்தாலும் கதவடைத்த அறையில் எட்டு மணி நேரம் கசியும்.

குளியலறைக் கேஸ் கீசரைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். அடைபட்ட சிறு அறையில் எரிவாயு முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமோ மணமோ இல்லை, எரிவாயுவில் சேர்த்த வாடைப்பொருளும் எரிந்துபோவதால் மூக்கு எந்த எச்சரிக்கையும் தராது. அது இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பற்றிக்கொண்டு, தலைச்சுற்றலாகத் தொடங்கி மயக்கத்திலும் மரணத்திலும் முடியக்கூடும். கீசரைக் குளியலறைக்கு வெளியே பொருத்தித் தண்ணீரை மட்டும் குழாய் வழியே உள்ளே கொண்டுவருவது ஒன்றே நம்பத்தக்க ஏற்பாடு.

கசிவு உணரப்பட்டால்

வாடை வந்ததும் மின்விளக்கைப் போட்டுப் பார்ப்பதும், எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு வாயுவை வெளியேற்ற நினைப்பதும் எல்லோர் கைக்கும் தானாக வரும் செயல்கள். இரண்டும் தவறு. சுவிட்ச் போடும்போது மட்டுமன்றி அணைக்கும்போதும் அதனுள் சிறு பொறி எழுகிறது. ஆகவே எரிகிற விளக்கு எரியட்டும், ஓடுகிற மின்விசிறி ஓடட்டும் என்று இருந்த நிலையில் விட்டுவிட வேண்டும். அழைப்பு மணி, செல்பேசி, லிஃப்ட் ஆகியவையும் இந்தக் கணக்கில் சேர்ந்தவை. மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே, வாடை எட்டாத இடத்தில் இருந்தால் மட்டும் அதை அணைத்து வீடு முழுவதற்கும் மின்சாரத்தை நிறுத்தலாம். உள்ளே இருந்தால் தொடக் கூடாது.

செய்ய வேண்டியதன் வரிசை இது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் குமிழ்களை மூடி, பூசையறையில் எரியும் விளக்கையும் ஊதுவத்தியையும் அணைக்க வேண்டும். வாயு தரைவழியே நகர்வதால் அடுத்த அறையில் தாழ்வாக வைத்த குத்துவிளக்கு, மேடைமேல் உள்ள அடுப்பைவிட அதற்கு அருகில் இருக்கிறது. பிறகு ரெகுலேட்டரை மூடி, கதவுகளையும் சன்னல்களையும் திறக்க வேண்டும். சன்னலைவிட வாசற்கதவும் புறக்கடைக் கதவுமே பெரிதும் உதவும். தரைவரை திறப்பவை அவைதாம். ரெகுலேட்டரை மூடிய பிறகும் சீறல் கேட்டால் கசிவு வால்வில் இருக்கிறது என்று பொருள். அப்போது ரெகுலேட்டரைக் கழற்றி, தொங்கும் மூடியை வால்வில் வைத்து, 'டக்' என்று அமரும்வரை அழுத்தி, சிலிண்டரை நிமிர்ந்த நிலையிலேயே திறந்தவெளிக்குக் கொண்டுபோக வேண்டும். உருட்டவோ தரையில் இழுக்கவோ கூடாது. பீறிடும் திரவம் தோலில் பட்டால் உறைகுளிரால் புண்ணாகும் என்பதால் கையில் கனமான துணி இருக்க வேண்டும். சீறல் பலமாக இருந்தாலோ, மூடி பொருந்தாவிட்டாலோ போராடிக்கொண்டிராமல் எல்லோரும் வெளியேறிவிடுவதே சரியான முடிவு.

வெளியே வந்த பிறகே தொலைபேசியை எடுக்க வேண்டும். எரிவாயுக் கசிவுக்கான அவசர உதவி எண் 1906 நாடு முழுவதற்கும் பொதுவானது, 24 மணி நேரமும் இயங்குவது. தீயணைப்புத் துறைக்கு 101, எல்லா அவசர உதவிக்கும் 112. அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்வீட்டைவிடக் கீழ்வீட்டாருக்கே முதலில் சொல்ல வேண்டும், மாடிப்படி வழியே வாயு இறங்குவது அவர்களை நோக்கித்தான்.

பூட்டிய வீட்டைத் திறக்கும்போது வாடை அடிப்பது தனிக் கவனம் வேண்டும் நிலை. ஆளில்லாத நேரம் முழுவதும் வாயு சேர்ந்திருக்கும், இருட்டும் இருக்கும், வாசலுக்குள் நுழைந்ததும் கை சுவிட்சைத் தேடும். கதவை அகலத் திறந்துவிட்டு விலகி நின்று, வாடை கடுமையாக இருந்தால் உள்ளே போகாமல் உதவியை அழைக்க வேண்டும். நெடுநேரம் உள்ளேயே இருப்பவரின் மூக்கு அந்த வாடைக்குப் பழகி மரத்துப்போகும் என்பதையும், முதியவர்களுக்கும் சளி பிடித்தவர்களுக்கும் அது எட்டாமலே போகலாம் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். வெளியிலிருந்து வந்த ஒருவர் 'கேஸ் வாடை வருகிறதே' என்று சொன்னால், தனக்குத் தெரியவில்லை என்பதற்காக வீட்டிலுள்ளவர் அதை மறுக்கக் கூடாது.

கசிவு எங்கே என்று தேடுவதற்கு உரிய பொருள் சோப்புத் தண்ணீர் ஒன்றே. ரெகுலேட்டர் இணைப்பு, டியூபின் இரு முனைகள், அடுப்பின் குமிழ்கள் என்று ஒவ்வொன்றாகத் தடவினால் கசியும் இடத்தில் நுரை பூக்கும். தீக்குச்சியைக் காட்டித் தேடுவதைப் பற்றி எழுத வேண்டிய தேவை இன்றும் இருப்பது வருந்தத்தக்கது.

தீப்பற்றினால்

ஏப்ரல் 14ஆம் நாள் தொடங்கும் தீத்தொண்டு வாரத்தில் தீயணைப்பு வீரர்கள் பள்ளிகளிலும் குடியிருப்புகளிலும் செய்துகாட்டும் நிகழ்ச்சிகளில், எரியும் சிலிண்டரின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்தித் தீயை அணைப்பது பலரும் பார்த்த காட்சி. அதில் பார்வையாளர் கவனிக்கத் தவறுவது அடுத்த நொடியில் நடப்பதை: தீ அணைந்ததும் வீரர் வால்வை அடைத்துவிடுகிறார். அடைக்க முடியாத நிலையில் தீயை மட்டும் அணைத்தால், அதுவரை எரிந்து தீர்ந்துகொண்டிருந்த வாயு எரியாமல் அறையில் பரவி, வேறொரு பொறிக்குக் காத்திருக்கும். எரிந்துகொண்டிருந்ததைவிட இது பெரிய ஆபத்து. ஆகவே ஈரத்துணி சுற்றிய கை ரெகுலேட்டரை எட்டுமானால் முதலில் அதை மூட வேண்டும், தீ தானே அணையும். எட்டாவிட்டால், அருகில் உள்ள திரைச்சீலை போன்றவற்றை முடிந்தவரை விலக்கிவிட்டு வெளியேற வேண்டும். தீ நாக்கு சிலிண்டரின் உடலிலேயே படும்படி எரிந்தால் ஒரு கணமும் தாமதிக்கக் கூடாது. உள்ளிருக்கும் திரவம் கொதித்து, உருளையே பிளக்கும் வாய்ப்பு உண்டு.

தீக்காயம் பட்ட இடத்தில் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட வேண்டும். பற்பசை, பேனா மை, மாவு, மஞ்சள் எதையும் பூசாமல், ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காமல், சுத்தமான துணியால் மூடி 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

குழாய்வழி எரிவாயு

தமிழ்நாட்டின் சில நகரங்களில் வீடுகளுக்கு இப்போது குழாய் வழியாக வருவது இயற்கை வாயு. அதன் பெரும்பகுதி மீத்தேன். அது காற்றைவிட இலேசானது, கசிந்தால் கூரையை நோக்கி ஏறும். ஆகவே இதுவரை தரையைப் பற்றிச் சொன்னவை அங்கே தலைகீழாகின்றன: உச்சியில் உள்ள சாளரம் திறந்திருக்க வேண்டும், பரணும் பொய்க்கூரையும் கவனத்துக்குரிய இடங்களாகின்றன. மூட வேண்டியது அடுப்புக்கு அருகிலுள்ள வால்வையும், வீட்டுக்கு வெளியே மீட்டரை ஒட்டியுள்ள வால்வையும். மின்சுவிட்சைத் தொடக் கூடாது என்பது இரண்டுக்கும் பொது.

விபத்துக்குப் பின்

கசிவு நின்றுவிட்டது என்பதற்காக அதே சிலிண்டரையும் டியூபையும் மீண்டும் இணைக்காமல், கேஸ் ஏஜென்சியின் மெக்கானிக் வந்து சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும். பதிவுபெற்ற வாடிக்கையாளர் வீட்டில் எரிவாயுவால் நேரும் விபத்துகளுக்காக எண்ணெய் நிறுவனங்கள் பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்துவைத்துள்ளன. அதற்கென வாடிக்கையாளர் தனியே சந்தா கட்டுவதில்லை. விபத்து நேர்ந்தால் ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தெரிவித்து, கடிதத்தின் படியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிவைக்க வேண்டும்; காவல்துறையின் முதல் தகவல் அறிக்கை, மருத்துவச் சீட்டுகள், செலவு ரசீதுகள், இறப்பு நேர்ந்திருந்தால் அதற்கான சான்றுகள் ஆகியவை பின்னர் தேவைப்படும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத டியூபோ ரெகுலேட்டரோ இணைப்பில் இருந்தால் கோரிக்கை தள்ளுபடியாக இடமுண்டு என்பதால், டியூப் வாங்கிய ரசீதையும் 5 ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கட்டாயச் சோதனையின் சீட்டையும் கேஸ் புத்தகத்தோடு சேர்த்து, சமையலறையில் அல்லாமல் வேறோர் இடத்தில் வைத்திருப்பது நல்லது.